பந்தை ஏந்தாதவர்களின் ஆசான்

காற்பந்து என்றதும் நம் கண்முன் நிற்பது, திடலிலே காலால் உதைத்து உருட்டும் உருண்டைப் பந்து. அமெரிக்க நாட்டார் அதே பெயரால் அழைப்பதோ முற்றிலும் வேறான ஓர் ஆட்டம். அங்கே பந்து இருமுனையும் கூர்ந்து நீண்டிருக்கும். உதைப்பது மிகக் குறைவு. கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், தோளுக்கு மேலாக எறிவதுமே மிகுதி. ஆடுவோர் தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு நிற்பர். இதற்கு ஏன் காற்பந்து என்று பெயர் வந்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள். நாம் இங்கே பேசப் புகுவது, அந்த ஆட்டத்தினுள் இருக்கும் ஒரு விந்தையைப் பற்றியும், அந்த விந்தையையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஓர் ஆசிரியரைப் பற்றியும் ஆகும்.

விந்தை இதுதான். ஓர் அணிக்குப் பதினொருவர். அவர்களுள் ஐவர் பந்தை ஏந்தி ஓடுவதற்கு என்று திடலில் இறங்குவதில்லை. எறிந்த பந்தைப் பிடிக்கவும் விதி அவர்களுக்கு இடங்கொடுப்பதில்லை. ஐவருள் நடுவே நிற்பவர் மட்டும், குனிந்தபடி பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்புறம் கொடுத்து ஆட்டத்தைத் தொடக்கி வைப்பார். அத்துடன் அவருக்கும் பந்துக்கும் உள்ள உறவு தீர்ந்தது. இந்த ஐவரின் தொகுதியே தாக்கும் அணியின் முன்வரிசை. நடுவில் இருப்பவர் சென்டர். அவருக்கு இரு பக்கமும் கார்ட் எனப்படுவோர் இருவர். அவர்களுக்கு அப்பால், இரு ஓரங்களிலும் டேக்கிள் எனப்படுவோர் இருவர்.

ஆட்டத்தின் அடிப்படை விதி எளியது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 கெஜ தூரமாவது முன்னேறவேண்டும். முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேறுவதற்கு வழிகள் இரண்டு. ஒருவர் பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம். அல்லது குவார்ட்டர்பேக் எனப்படும் தலைமை ஆட்டக்காரர் தொலைவில் ஓடும் தம் தோழருக்கு அதை எறியலாம். ஓட்டமானால், எதிரே சுவர்போல் நிற்கும் ஆட்களிடையே ஒரு சந்து திறக்கவேண்டும். எறிவதானால், எறிபவர் கண் ஓட்டிப் பார்த்து எறிவதற்குள் எதிரிகள் வந்து அவரைச் சாய்த்துவிடாதபடி இரண்டு மூன்று நொடிகள் காக்கவேண்டும். சந்தைத் திறப்பதும் இந்த ஐவர்தாம், காப்பதும் இவர்கள்தாம்.

ஆனால் ஆட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஓடியவர் எத்தனை கெஜம் ஓடினார் என்று இருக்கும். எறிந்தவர் எத்தனை எறிந்தார், எத்தனை கைசேர்ந்தன என்று இருக்கும். பிடித்தவர் கணக்கும் இருக்கும். முன்வரிசையார் ஐவருக்கும் நேரே எழுத ஒன்றுமில்லை. அவர்களுடைய சட்டையில் 50 முதல் 79 வரை ஏதோ ஓர் எண் இருக்கும். எதிரியைக் கையால் பற்றி இழுத்துவிட்டால் மட்டும் நடுவர் அந்த எண்ணைச் சொல்லி, 10 கெஜம் பின்வாங்கும்படி தண்டம் விதிப்பார். குற்றம் செய்தபோது மட்டுமே அவர்கள் பெயர் ஊரறியும் என்றாலும் மிகையன்று.

இத்தகைய வேலைக்கு ஆளைப் பழக்குவது எவ்வாறு? பார்ப்போர்க்கு இது மல்லர்கள் முட்டி மோதிக்கொள்வதுபோல் தோன்றும். உண்மையில் இஃது அடிவைப்பின் கலை. எதிரி எந்தப் பக்கம் பாய்வான் என்பதைப் பந்து அசைவதற்கு முன்பே கணிக்கவேண்டும். பந்து அசைந்தவுடன் வைக்கும் முதலடி ஆறு அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா, நேரா, சாய்வா என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. இடுப்பு தாழ்ந்திருக்கவேண்டும், தாழ்ந்தவனே தள்ளுவான், நிமிர்ந்தவன் தள்ளப்படுவான். இதற்காகவே தாழ்ந்த கூரையிட்ட இரும்புக் கூண்டுகளின் கீழே மாணவர்களை ஓடவைப்பர். தலை நிமிர்ந்தால் கம்பியில் இடிக்கும். திண்டு கட்டிய கனமான சறுக்குவண்டிகளைத் தள்ளவைப்பதும் உண்டு.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. அருகருகே நிற்கும் இருவர் எதிரே உள்ள ஒரு பெரிய ஆளைத் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளுவர். அவன் நகரத் தொடங்கியதும், இருவருள் ஒருவர் அவனை மற்றவரிடம் விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் இரண்டாவது எதிரியை நோக்கிப் பாயவேண்டும். சற்று முந்திப் பிரிந்தால் முதல் எதிரி திமிறிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். சற்றுப் பிந்தினால் இரண்டாமவன் ஓடுபவனைப் பிடித்துவிடுவான். பேசுவதற்கு நேரமில்லை. பல்லாயிரம் பேர் எழுப்பும் கூச்சலில் பேசினாலும் கேட்காது. ஒருவர் உடல் அசைவை மற்றவர் தோளால் உணர்ந்து செய்வது இது. ஐவருள் நால்வர் செவ்வனே செய்து ஒருவர் பிசகினாலும் அந்த முயற்சி வீண். ஆகவே ஐந்து தனி மாணவர்களுக்குப் பாடம் சொல்வது வேறு, ஐவரை ஓருடலாக்குவது வேறு.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த ஆட்டம் பெற்றிருக்கும் இடத்தை நம் நாட்டு அளவுகோலால் அளக்க முடியாது. ஒரு கல்லூரி ஆட்டத்தைக் காண எண்பதாயிரம் பேர் கூடுவது அங்கே புதுமையன்று. தலைமைப் பயிற்றுநர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணைப் பயிற்றுநர். முன்வரிசைப் பயிற்றுநர் அத்தகைய துணைவருள் ஒருவர். அவரை அமர்த்துவதும் நீக்குவதும் பெரும்பாலும் தலைமைப் பயிற்றுநர் கையில் உள்ளன. தலைவர் போனால், அவருடன் வந்தவர்களும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். புதிய தலைவர் விரும்பினால் சிலரை வைத்துக்கொள்வார். இத்தொழிலில் ஒரே ஊரில் பிள்ளைகளைப் படிக்கவைத்து முடித்தவர்கள் சிலரே. மாணவர்களோ நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுவர். முன்வரிசை ஆள் பக்குவப்படுவதற்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அவன் ஐவருள் ஒருவனாகத் தேர்ந்து நிற்கும் வேளையில் பட்டம் பெற்றுப் புறப்பட்டுவிடுவான். மறுபடியும் முதலடியிலிருந்து தொடங்கவேண்டும். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்களுள் ஜோ மூர் என்பவரின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. அவர் 1932-ஆம் ஆண்டு பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரத்தார். எஃகு உருக்காலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்திருந்த வட்டாரம் அது. உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் ஊறி வளர்ந்த மண். மூர் நெடுங்காலம் அம்மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளிலேயே பயிற்றுநராக இருந்தார். பிட்ஸ்பர்க்கை அடுத்த அப்பர் செயின்ட் கிளேர் உயர்நிலைப் பள்ளியில் அவர் பழக்கிய மாணவர்களுள் கெர்க் ஃபெரென்ட்ஸ் என்னும் இளைஞர் ஒருவர். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1977-ஆம் ஆண்டு ஜாக்கி ஷெரில் தலைமைப் பயிற்றுநர் ஆனார். மூரை முன்வரிசைப் பயிற்றுநராக அமர்த்தினார். அப்பொழுது மூருக்கு ஏறத்தாழ 45 வயது. அந்த வயதில் பலர் தலைமைப் பதவிக்குப் போய்விடுவர். மூரோ பள்ளித் திடலிலிருந்து கல்லூரித் திடலுக்கு அப்பொழுதுதான் வருகிறார். ஆனால் வந்தபின் நடந்ததைப் பாருங்கள். 1979, 1980, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிட்ஸ்பர்க் அணி, ஆண்டுக்குப் பதினோர் ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது. பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற டேன் மரினோ அந்நாளில் அங்கே எறிபவராக இருந்தார். மரினோவின் பெயரை அமெரிக்கச் சிறுவரும் அறிவர். அவர் எறிவதற்கு வேண்டிய அந்த இரண்டு மூன்று நொடிகளைத் தந்தவர்களின் பெயரை அறிந்தவர் சிலரே.

மூரின் கண் எத்தகையது என்பதற்கு ரஸ் கிரிம் ஒரு சான்று. கிரிம் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது தடுக்கும் அணியில், முன்வரிசைக்குப் பின்னே நின்று பாயும் லைன்பேக்கர். அவரைத் தாக்கும் அணிக்கு மாற்றி, நடுவில் நிறுத்திச் சென்டர் ஆக்கினார்கள். கூட்டம் கைதட்டும் இடத்திலிருந்து, யாரும் பாராத இடத்துக்கு மாற்றம். இளைஞன் ஒருவனை இதற்கு இணங்கவைப்பது எளிதன்று என்பதை யாரும் உணரலாம். இணங்கிய கிரிம், பின்னாளில் வாஷிங்டன் தொழில்முறை அணியில் புகழ்பெற்ற முன்வரிசையின் தூணாக விளங்கினார்; 2010-ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவருடன் பிட்ஸ்பர்க்கில் ஆடிய மார்க் மே, 1980-இல் நாட்டின் சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்குரிய அவுட்லண்ட் விருதைப் பெற்றார். அவரும் வாஷிங்டனுக்கே சென்றார். மூன்றாமவர் ஜிம்போ கோவர்ட். சிகாகோ அணியில் வால்டர் பேட்டன் என்னும் பெரும் ஓட்டக்காரருக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர். 2020-ஆம் ஆண்டுக் குழுவில் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். ஒரே ஆசிரியரின் வகுப்பில் இத்தனை பேர்.

நான்காமவர் பில் ஃப்ராலிக். இவரை வைத்து ஒரு வேடிக்கை நடந்தது. கணக்கில்லாத வேலைக்குக் கணக்கு உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் பல்கலைக்கழகத்து விளம்பரத் துறைக்குத் தோன்றியது. எதிரியை முதுகு தரையில் படும்படி மல்லாத்திவிட்டால் அதைப் ‘பான்கேக்’ என்று எண்ணத் தொடங்கினார்கள். கல்லிலே திருப்பிப் போட்ட அப்பம்போல் எதிரி தட்டையாகக் கிடக்கிறான் என்பது கருத்து. இந்தச் சொல் நாடெங்கும் பரவியதற்கு அவர்களே காரணம் என்பர். ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. மல்லாத்துவது கண்ணுக்குத் தெரியும். சரியான நேரத்தில் தோளைக் கொடுத்து விலகியது தெரியாது. பத்து முறை மல்லாத்திய ஒருவர், பதினொன்றாம் முறை தவறான ஆளை நோக்கிப் போய், எறிபவரின் விலா எலும்பு முறியக் காரணமாகவும் இருக்கலாம். இத்தொழிலின் உண்மை அளவுகோல் அதை அறிந்தவர் கண்ணில் மட்டுமே இருக்கிறது. ஆட்டப்படத்தை நிறுத்தி நிறுத்தி, ஐவரின் காலடியை ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கே அது புலப்படும்.

ஷெரில் 1982-இல் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனார். அடுத்து வந்த ஃபோஜ் ஃபேசியோவின் கீழும் மூர் தொடர்ந்தார். 1985-ஆம் ஆண்டு ஆட்டங்களுக்குப் பின் ஃபேசியோ நீக்கப்பட்டார். மூரும் இடம் மாறி, ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1988-ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு லூ ஹோல்ட்ஸ் என்னும் தலைமைப் பயிற்றுநரால் அழைக்கப்பட்டார். கத்தோலிக்கர் நடத்தும் அந்தப் பல்கலைக்கழகம் இந்த ஆட்டத்தில் நாடறிந்த பெயர் உடையது.

அந்த முதலாண்டே அவருக்கு வாய்ப்பான ஆண்டாயிற்று. ஆண்டி ஹெக் என்னும் மாணவர் வரிசையின் ஓரத்தில் நின்று பந்தைப் பிடிக்கும் உரிமை உடையவராக இருந்தார். அவரைப் பிடிக்கும் உரிமையற்ற டேக்கிள் இடத்துக்கு மாற்றினர். கிரிம் கதையே மீண்டும் நடந்தது. அந்த ஆண்டில் நோட்டர் டேம் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது. 1989 சனவரி 2-ஆம் நாள் ஃபியஸ்டா கிண்ண ஆட்டத்தில் மேற்கு வர்ஜீனியாவை 34-21 என்று தோற்கடித்து நாட்டின் முதன்மை அணி என்று ஏற்கப்பட்டது. ஹெக் அவ்வாண்டே நாட்டின் தெரிவு அணியில் இடம்பெற்றார். பின்னர் வந்த ஏரன் டெய்லர் 1993-இல் லொம்பார்டி விருதைப் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் மூர் அங்கே பணியாற்றினார்.

அவர் மென்மையான ஆசிரியர் அல்லர். கடிந்து பேசுபவர், நிறைவு அடையாதவர், ஒரே அடியை நூறு முறை எடுத்துவைக்கச் சொல்பவர். பின்னாளில் அவரைப் போற்றியவர்களும் இதை மறைக்கவில்லை. இக்கடுமையே பின்னர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எடுத்துச் சொல்லப்பட்டது.

1996-ஆம் ஆண்டு இறுதியில் ஹோல்ட்ஸ் பதவி விலகினார். தடுக்கும் அணிக்குப் பொறுப்பாயிருந்த பாப் டேவி தலைமைப் பயிற்றுநர் ஆனார். மூருக்கு அவர் புதியவர் அல்லர். பிட்ஸ்பர்க்கிலும் இருவரும் ஒரே அணியில் பணியாற்றியவர்களே. டேவி மூரைப் பணியில் வைத்துக்கொள்ளவில்லை. மூருக்கு அப்போது 64 வயது. முன்னர்க் கூறியபடி, தலைவர் மாறினால் துணைவர் மாறுவது அத்தொழிலின் வழக்கம். பலர் இத்தகைய வேளையில் வேறு வேலை தேடிப் போய்விடுவர். மூரோ வழக்குத் தொடுத்தார்.

வழக்கின் அடிப்படை, அமெரிக்கக் காங்கிரஸ் 1967-இல் இயற்றிய ஒரு சட்டம். நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை, வயதைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து நீக்குவதை அது தடை செய்கிறது. தம்மை நீக்கியது வயதின் பொருட்டே என்பது மூரின் வாதம். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. அவருடைய வேலை எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்றும், மாணவர்களிடம் வரம்பு மீறிக் கடுமையாக நடந்துகொண்டார் என்றும் அது வாதிட்டது.

இங்கேதான் நாம் முன்னே சொன்ன சிக்கல் வந்து நிற்கிறது. ஓட்டக்காரர் ஒருவர் வழக்காடினால், இத்தனை கெஜம் ஓடினேன் என்று தாளைக் காட்டுவார். எண்ணில் எழுதப்படாத வேலையைக் கற்பித்தவர் எதைக் காட்டுவது? தம் திறன் குன்றவில்லை என்பதை, முன்வரிசையின் காலடியைப் பார்த்தறியாத பொதுமக்கள் சிலர் அடங்கிய நடுவர் குழுவுக்கு எவ்வாறு விளக்குவது? மாணவர்களின் வாழ்வையும், அணி வென்ற ஆட்டங்களையும், வாய்ச்சான்றையுமே நம்ப வேண்டியிருந்தது. கடுமை குற்றமா என்ற வினாவும் கூடவே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் புகழாக இருந்த கடுமை பின்னர்ப் பழியாக மாறுவது எல்லாத் துறைகளிலும் நடப்பதே. மாணவரைத் துன்புறுத்தலாகாது என்ற புதிய காலத்தின் கருத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த வினா அதுவன்று. நீக்கியதற்கு உண்மையான காரணம் கடுமையா, வயதா என்பதே.

1998 சூலை மாதம் இந்தியானாவின் லஃபாயெட் நகரில் வழக்கு விசாரிக்கப்பட்டது. நடுவர் குழு மூரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இழந்த ஊதியத்துக்காக 42,935 அமெரிக்க வெள்ளி தரவேண்டும் என்றது. சட்டத்தை அறிந்தே மீறியதாகவும் குழு கருதியதால், சட்டப்படி அத்தொகை இரட்டிப்பாகி 85,870 வெள்ளி ஆயிற்று. மூர் விரும்பியது பணத்தை மட்டுமன்று. தம் வேலையைத் திரும்பத் தரவேண்டும் என்று கேட்டார். நீதிபதி ஆலன் ஷார்ப் அதற்கு இணங்கவில்லை. அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டார், இரு தரப்புக்கும் இடையே பகை மூண்டுவிட்டது, இந்நிலையில் மூர் மீண்டும் அங்கே பணியாற்ற இயலாது என்பது அவர் கருத்து. வேலைக்கு ஈடாக, வருங்கால ஊதியமென்று மேலும் 75,577 வெள்ளி தரும்படி ஆணையிட்டார்.

வழக்கில் வென்றவர் திடலை இழந்தார். சட்டம் ஊதியத்தைக் கணக்கிட்டுத் தந்தது. வயது காரணமாக நீக்கியது தவறு என்று சொல்லியது. ஐந்து இளைஞர்கள் குனிந்து நிற்க, பின்னே நின்று முதலடியைப் பார்க்கும் அந்த இடத்தை அதனால் திருப்பித் தர முடியவில்லை. நோட்டர் டேமின் முன்வரிசைக்கு மூர் மீண்டும் பாடம் சொல்லவில்லை. 2003-ஆம் ஆண்டு தம் 71-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் ஒரு செய்தி வந்தது. 2015-ஆம் ஆண்டு, கல்லூரி ஆட்டத்தில் மிகச் சிறந்த முன்வரிசைக்கு ஆண்டுதோறும் ஒரு விருது வழங்குவது என்று சிலர் கூடி முடிவு செய்தனர். முன்னின்றவர்களுள் நோட்டர் டேமின் பழைய மாணவர் ஏரன் டெய்லரும் ஒருவர். விருதுக்கு ஜோ மூரின் பெயரையே சூட்டினார்கள். இவ்விருதில் நாம் கவனிக்கத்தக்கது, இது தனி ஒருவருக்குத் தரப்படுவதன்று; வரிசை முழுவதுக்கும் சேர்த்துத் தரப்படுவது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதுகள் தனிப்பட்டவர்களுக்கே உரியனவாக இருக்க, இது மட்டும் கூட்டுக்கு உரியது. தேர்ந்தெடுப்பவர்கள் குறிப்பேட்டை நம்புவதில்லை. இந்த வேலையைத் தாங்களே செய்தவர்களும் கற்பித்தவர்களும் ஆட்டப்படங்களைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சிற்பி ஜெர்ரி மெக்கென்னா வடித்த அந்த வெற்றிச் சின்னம் ஏழடி உயரமும் 800 இராத்தல் எடையும் உடையது. ஒருவராகத் தூக்க முடியாது என்பதை நகைச்சுவையாகவே செய்தார்களோ என்னவோ.

முதல் விருதை அலபாமா பெற்றது. 2016-இல் அது ஐயோவா பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அங்கே 1999 முதல் தலைமைப் பயிற்றுநர், அப்பர் செயின்ட் கிளேர் பள்ளியில் மூரிடம் பயின்ற அதே கெர்க் ஃபெரென்ட்ஸ். அவர் 1980-இல் பிட்ஸ்பர்க்கில் மூரின் அருகே உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றவர். அடுத்த ஆண்டே ஐயோவாவில் முன்வரிசைப் பயிற்றுநராகச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் அதே வேலையைப் பார்த்தவர். ஆசிரியரின் பெயர் பொறித்த சின்னம் மாணவரின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு, 2017-இல், தேர்வாளர்கள் படங்களைப் பார்த்து முடித்தபோது சிறந்த வரிசை என்று அவர்கள் கண்டது நோட்டர் டேமின் ஐவரை. ஜோ மூரின் பெயர் தாங்கிய 800 இராத்தல் வெண்கலம், அவர் திரும்பிவர இடமில்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.